ஒரு நாள் கூலி

புற்றுநோய் என்ற பேச்சு வந்தவுடனே நம் வீடுகளில் குரல் தாழ்ந்துவிடுகிறது. பெயரை உரக்கச் சொன்னாலே நோய் வாசலுக்கு வந்துவிடும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. நோய்க்கு வேண்டியதும் இந்த மௌனந்தான். கருப்பை வாயில் உண்டாகும் புற்றுநோயையே எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓர் இரவில் வருவதன்று. முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளோ, அதற்கு மேலோ ஆகின்றன. அந்த அவகாசத்துக்குள் கண்டுகொண்டால் எளிதில் தடுத்துவிடலாம்.

கண்டுகொள்வதற்குப் பெரிய யந்திரங்கள் வேண்டுமோ? வேண்டியதில்லை. நீர்த்த காடியைக் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தால், ஐயத்துக்குரிய இடம் வெளுத்துக் காட்டும். 2000-ஆம் ஆண்டு தொடங்கித் திண்டுக்கல் ஜில்லாவில், பயிற்சி பெற்ற நர்ஸுகள் இம்முறையில் 30 முதல் 59 வயது வரையுள்ள 31,343 ஸ்திரீகளைப் பரிசோதித்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு அப்போதே குளிர்ச் சிகிச்சையும் அளித்தார்கள். வழக்கமான வைத்திய வசதி மட்டும் இருந்த கிராமங்களை விட, பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட கிராமங்களில் இந்நோயினால் நேரும் மரணம் நூற்றுக்கு 35 வீதம் குறைவு என்று 2007-இல் வெளியான முடிவுகள் காட்டின.

வழி தெரிந்தும் நடப்பவர் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரையுள்ள ஸ்திரீகளில் ஒரு முறையாவது இப்பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்தியா முழுவதிலும் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தமிழ்நாட்டிலும் அத்தொகை பத்தை எட்டவில்லை.

“ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத்தானே செய்கிறார்கள்?” என்று நேயர்கள் கேட்கலாம். பரிசோதனை இலவசந்தான், ஆனால் அதற்காக இழக்கும் ஒரு நாள் கூலியை யார் கொடுப்பார்கள்? இன்ஷியூரன்ஸ் திட்டங்களோ பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகே கை கொடுப்பவை. உடம்பில் வலி ஒன்றும் இல்லாதபோது ஒரு பகலை விட்டுவிட்டு வா என்றால், மாலையில் அடுப்பு எரிய வேண்டுமே என்ற கவலை அவளைத் தடுக்கிறது. வெட்கம் தடுக்கிறது. “உனக்கு என்ன வந்துவிட்டது?” என்று கேட்கும் வீட்டார் தடுக்கிறார்கள். வலி கண்ட பின் அவள் வருகிறாள். அதற்குள் பல சமயங்களில் நோய் முந்திக்கொண்டு விடுகிறது.

ஆகையால் பரிசோதனைதான் அவளைத் தேடிப் போக வேண்டும். வேலைத்தலத்துக்கும், தெருக்கோடிக்கும், வேலை முடிந்த மாலை வேளைக்கும் நர்ஸை அனுப்புவது சர்க்காரின் கடமை.

நமக்கும் ஒரு கடமை உண்டு. நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்மணிக்குச் சம்பளத்தைப் பிடிக்காமல் ஒரு நாள் ஓய்வு கொடுப்போம். “போய் வா” என்று சொல்லி அனுப்புவதோடு நில்லாமல், வீட்டு அம்மாள் உடன் சென்று தாமும் பரிசோதனை செய்துகொள்ளட்டும். மேலே சொன்ன கணக்கைப் பார்த்தால், அவரும் இதுவரை செய்துகொண்டிருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது.