தர்ப்பூசணி வீரிய ஒட்டு: எந்த மண்ணில் காய்த்தது என்று கேளுங்கள்

தர்ப்பூசணி போட நினைக்கும் சிறு விவசாயி முதலில் கேட்பது, "எந்த வீரிய ஒட்டு விதை நல்லது?" என்பதுதான். இது பாதிக் கேள்வி. எந்த மண்ணில், எந்த மாதத்தில் என்ற மறுபாதியும் சேர்ந்தால்தான் இதற்குப் பதில் உண்டு.

திண்டிவனம் பக்கத்து மணல்சாரி நிலத்தில் நன்றாகக் காய்த்த விதை, கரிவலம்வந்தநல்லூர் கரிசலில் அதே போல் காய்க்கும் என்று சொல்ல முடியாது. விதை விற்றவர் பொய் சொன்னார் என்று இதற்குப் பொருள் இல்லை. அவர் சொன்னது அந்த நிலத்துக்கு மெய்.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் கரிசலும் செவலும் அடுத்தடுத்தே கிடக்கின்றன. செவலில் தண்ணீர் சீக்கிரம் வடியும். வேர் தாராளமாக ஓடும். கரிசல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காய் பழுக்கும் சமயத்தில் அந்த ஈரம் மிஞ்சினால் இனிப்பு குறையும், பழம் வெடிக்கும். தோல் மெல்லிய ரகத்துக்கு இந்தச் சேதம் கூடுதல். தடித்த தோல் ரகம் ஓரளவு தாங்கும். செவலில் முதலாவதாக வந்த ரகம் கரிசலில் மூன்றாவதாகப் போவது இப்படித்தான். பக்கத்துத் தோட்டக்காரர் தண்ணீர் கட்டும் நாள் கணக்கை அப்படியே பின்பற்றுவதும் இதே தவறுதான்.

பருவம் இன்னும் பெரிய விஷயம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தையில் விதைத்தால், பூக்கும் போது வெயில் கடுமையாக இருக்காது. பழுக்கும் போது வானம் தெளிந்திருக்கும். தர்ப்பூசணிக்கு வேண்டியது இதுதான். வெயில் ஏற ஏற ஆண் பூக்கள் பெருகி, பிஞ்சு பிடிக்கும் பெண் பூக்கள் குறையும். எத்ரல் தெளித்துப் பெண் பூக்களைக் கூட்டலாம் என்பது உண்மையே. ஆனால் தவறிய பருவத்தை எந்த மருந்தும் திருப்பித் தராது. ஆனி, ஆடியிலோ செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்று அடித்து வீசும். கொடி புரளும், தேனீ பறக்காது. குற்றாலச் சீசனில் பழத்துக்கு விலை கிடைக்கும் என்று கணக்குப் போட்டு விதைப்பவர் இந்தக் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நோயும் இப்படித்தான். பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா மாணிக் ரகத்துக்குச் சாம்பல் நோயைத் தாங்கும் குணம் உண்டு. இலைப்பேன் பரப்பும் மொட்டுக் கருகல் நச்சுயிரி கடுமையாக வரும் இடத்தில் அந்தக் குணம் துணைக்கு வராது. "நோய் எதிர்ப்பு உள்ளது" என்று விதைப் பையில் அச்சடித்திருந்தால், எந்த நோய்க்கு என்று கேட்பதில் தவறில்லை.

1966இல் எபர்ஹார்ட், ரஸல் என்ற இரு விஞ்ஞானிகள் பல இடங்களில் ஒரே ரகங்களைப் பயிரிட்டு ஒப்பிடுவதற்கு ஒரு வழி வகுத்தார்கள். அவர்கள் சராசரி மகசூலோடு நிற்கவில்லை. நிலம் நல்லதாக ஆக ஆக ரகம் எவ்வளவு கூடுதலாகத் தருகிறது, இடத்துக்கு இடம் எவ்வளவு தாறுமாறாக ஏறி இறங்குகிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். சொட்டு நீரும் கரையும் உரமும் வைத்திருப்பவர், நல்ல நிலத்தில் பாய்ந்து ஏறும் ரகத்தைத் தேடலாம். கோடையில் கிணறு ஒரு மணி நேரம் மட்டும் இறைக்கும் நிலையில் உள்ளவருக்கு, உச்ச மகசூல் சற்றுக் குறைந்தாலும் ஏமாற்றாத ரகமே ஏற்றது. விளம்பரங்களில் உச்சம் மட்டுமே வருகிறது.

கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் 1901 முதல் மானாவாரிக் கரிசலிலேயே பருத்தியையும் சோளத்தையும் பரிசோதித்து வருவதற்குக் காரணம் இதுதான்: கரிசலுக்கான பதிலைக் கரிசலில்தான் தேட வேண்டும். தர்ப்பூசணிக்கும் அதே நியாயம் வேண்டும். பரிசோதனைத் திடல்களைப் பண்ணை நிலத்தில் மட்டும் போட்டால் போதாது. இந்த வட்டாரத்துக் கரிசலில் ஒன்றும் செவலில் ஒன்றுமாக, விவசாயியின் தண்ணீரிலேயே போட வேண்டும். எந்த ஊரில், எந்த மாதத்தில், எத்தனை ஆண்டுகள் சோதித்தோம் என்பதை விதை விற்பவர்களும் பையில் அச்சிட வேண்டும்.

அதுவரை விவசாயி தானே ஒரு சிறு சோதனை செய்து கொள்ளலாம். ஏக்கர் முழுவதும் ஒரே புது ரகத்தைப் போட வேண்டாம். ஐந்து சென்டில் புது ரகத்தையும், பக்கத்திலேயே ஐந்து சென்டில் பழகிய சுகர் பேபியையும் ஒரே நாளில் விதைத்து, ஒரே அளவு உரமும் தண்ணீரும் கொடுக்க வேண்டும். மண் இரண்டு விதமாக இருந்தால் இரண்டிலும் போட வேண்டும். விற்ற பழங்களின் எடையோடு, வெடித்து ஒதுக்கிய பழங்களின் எடையையும் எழுதி வைப்பது அவசியம். பலரும் விட்டுவிடும் கணக்கு அதுதான். ஒரு வருஷத்து முடிவை மட்டும் நம்பக்கூடாது. மழை பிந்திய வருஷமும் முந்திய வருஷமும் வேறு வேறு. வீரிய ஒட்டுப் பழத்தில் எடுத்த விதை மறு வருஷம் அதே குணத்தோடு வராது என்பதால், சோதனைக்கு ஒவ்வொரு முறையும் புது விதைதான் வாங்க வேண்டும். அந்தச் செலவு பத்து சென்டுக்குள் அடங்கிவிடும்.