இரும்புக்குப் பயமா, பார்வைக்குப் பயமா?

எமது கரையோர ஊர்களில் பெண்கள் தூக்காத பாரம் என்று ஒன்று இல்லை. கிணற்றடியிலிருந்து வாளி, கடையிலிருந்து அரிசிப் பை, 12.5 கிலோ வாயு அடைத்த சிலிண்டர், இவற்றோடு இடுப்பில் ஒரு பிள்ளை. யுத்த காலத்தில் ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் உடுப்பு மூட்டையுமாக மைல் கணக்கில் நடந்தவர்கள் நாம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்து போன பிறகு, எஞ்சிய வீட்டின் கல்லையும் மண்ணையும் கையால் அள்ளியவர்களும் நாம்தான். அப்படிப்பட்ட எமக்கு ஒரு ஜிம்மின் வாசலில் நிற்கும்போது கால் பின்வாங்குகிறது. ஏன்?

சில மாதங்களுக்கு முன் கல்முனையில் நடந்த பெண்கள் கலந்துரையாடல் ஒன்றில் இந்தக் கேள்வியைக் கேட்டேன். வந்திருந்த பலருக்கு நாரி நோவு, முழங்கால் உழைவு, சீனி வருத்தம், பிரஷர். கிளினிக்கில் "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள். சாய்ந்தமருது, மருதமுனை, பாண்டிருப்பு, காரைதீவு என்று பல ஊர்ப் பெண்கள் அங்கு இருந்தார்கள். பதில்கள் ஊருக்கு ஊர் பெரிதாக மாறவில்லை.

"எல்லாரும் என்னத்தான் பாக்கிற மாதிரி இரிக்கும் மகள்" என்றார் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு ராத்தா. "ஒரு சாமானும் எப்படிப் பிடிக்கிறதெண்டு தெரியாது. பிழையாச் செஞ்சா சிரிப்பாங்க" என்றார் இன்னொருவர். "உடம்பு ஆம்புளட உடம்பு மாதிரி ஆகிடுமாமே?" என்று ஒரு தங்கை கேட்டார். கடைசியாக, அதுவரை பேசாமலிருந்த ஒரு சகோதரி சொன்னார்: "மகனோட ஒருக்காப் போன. இரும்பு கீழ விழுந்த சத்தத்தில என்ட கை கால் எல்லாம் நடுங்கிப் போச்சி. வெளியில வந்து மதிலோட இருந்திட்டன்."

இந்த நான்கு பயங்களும் ஒன்றல்ல. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஆகவே தனித்தனியாகப் பார்ப்போம்.

பார்வை பற்றிய பயம்

ஐரிஸ் மரியன் யங் என்ற அமெரிக்கப் பெண் தத்துவவியலாளர் 1980இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பந்தை எறியும்போது பெண் பிள்ளை ஏன் முழு உடம்பையும் பயன்படுத்துவதில்லை என்பதுதான் அவரது கேள்வி. காரணம் தசையில் மட்டும் இல்லை என்றார். சிறு வயதிலிருந்தே கையை அகட்டாதே, காலை நீட்டாதே, குறைந்த இடத்தில் அடங்கி இரு என்று பழக்கப்படுகிறோம். தன் உடம்பைச் செயல்படும் ஒன்றாக அல்லாமல் பார்க்கப்படும் ஒன்றாக உணரத் தொடங்குகிறோம். பல்கலைக்கழகத்தில் இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டுக் குசினியும் உம்மாவின் கண்டிப்பும்தான் நினைவுக்கு வந்தன.

அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் தோமஸ் கிலோவிச் என்பவரும் குழுவினரும் செய்த ஒரு பரிசோதனை 2000ஆம் ஆண்டில் வெளியானது. வெட்கம் தரும் படம் போட்ட ரீ-சேர்ட்டை ஒரு மாணவருக்கு அணிவித்து, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர் நினைத்தார். உண்மையில் கவனித்தவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர்தான். நாம் நினைக்கும் அளவுக்கு மற்றவர்கள் எம்மைப் பார்ப்பதில்லை.

ஆனால் இந்த ஒரு பரிசோதனையைச் சொல்லி எமது பெண்களின் பயத்தை வெறும் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றவர்கள் நாம். எமது பையும் உடம்பும் தடவிப் பார்க்கப்பட்டிருக்கின்றன. 2019 ஏப்ரலுக்குப் பிறகு முஸ்லிம் பெண்களின் உடை மீது விழுந்த பார்வை எப்படிப்பட்டது என்பதும் எமக்குத் தெரியும். பார்க்கப்படுவது எமக்கு ஆபத்தோடு சேர்ந்து வந்த அனுபவம். எனவே "கூச்சத்தை விடு" என்று கட்டளையிடுவதில் பயனில்லை. பார்வை குறைந்த நேரத்தையும் இடத்தையும் தேடிக் கொள்வது கோழைத்தனமும் அல்ல. பெண்களுக்கென நேரம் ஒதுக்கும் இடமா, பெண் பயிற்றுநர் இருக்கிறாரா, கமரா பூட்டப்பட்டிருக்கிறதா, படம் எடுக்கத் தடை உண்டா என்று முதலே கேட்பது எமது உரிமை.

என் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். கிராமம் கிராமமாக மோட்டார் சைக்கிளில் ஓடி நாரி நோவு வந்த பிறகு, வைத்தியரின் ஆலோசனைப்படி நானும் ஒரு ஜிம்முக்குப் போனேன். பெயர் வேண்டாம். பெண்கள் நேரம் என்று சொல்லியிருந்தார்கள். உள்ளே இளைஞர்கள் சிலர் நின்றார்கள். நான் ஒரு சாமானைத் தூக்க, பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. அடுத்த கிழமை வேறோர் இடத்துக்கு, சக ஊழியர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். முதல் நாள் பயிற்சி ஒன்றும் செய்யவில்லை. சுற்றிப் பார்த்தோம், பயிற்றுநரோடு பேசினோம், வந்துவிட்டோம். மூன்றாவது தடவை போகும்போது எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. குசினியில் உப்புப் போத்தல் இருக்கும் இடம் தெரிந்தவளுக்கு வரும் நிதானம் அது.

சத்தம் பற்றிய பயம்

அந்தச் சகோதரியின் நடுக்கம் வெட்கப்பட வேண்டிய விடயம் அல்ல. ஷெல் சத்தத்துக்கு நடுவே வாழ்ந்த உடம்பு, திடீரென்று கேட்கும் பெரிய சத்தத்துக்கு இன்றும் தயாராகவே நிற்கிறது. இதயம் வேகமாக அடிப்பது அந்தத் தயார்நிலையின் அடையாளம். அவரிடம் நான் சொன்னவை இவை: ஆட்கள் குறைந்த நேரத்தில் போங்கள். சத்தம் உங்களுக்கு ஒத்துவராது என்று பயிற்றுநரிடம் முதலே சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. முதுகைச் சுவர்ப்பக்கம் வைத்து, வாசல் தெரியும்படி நில்லுங்கள். சத்தம் கேட்டு நெஞ்சு படபடத்தால், மூச்சை மெதுவாக வெளியே விட்டு, கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருட்களின் பெயரை மனதுக்குள் சொல்லுங்கள். நீங்கள் இருப்பது இன்றைய நாளில், இந்த அறையில் என்பதை உடம்புக்கு அது ஞாபகப்படுத்தும்.

படபடப்பு வீட்டிலும் தொடர்ந்தால், நித்திரை கெட்டால், கெட்ட கனவுகள் வந்தால் அருகிலுள்ள வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

"ஆம்புளட உடம்பு" பற்றிய பயம்

தசையைப் பெரிதாக்குவதில் ரெஸ்ரொஸ்ரெரோன் என்ற ஹோர்மோனுக்குப் பெரிய பங்குண்டு. பெண்களின் உடலில் அது ஆண்களைவிட மிகவும் குறைவு. கிழமைக்கு இரண்டு நாள் பாரம் தூக்குவதால் எவருக்கும் ஆணுடம்பு வந்துவிடாது. வருவது பலம்தான். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலும், நடை போன்ற பயிற்சிகளுக்கு மேலதிகமாக, தசையைப் பலப்படுத்தும் பயிற்சியைக் கிழமைக்குக் குறைந்தது இரண்டு நாள் செய்யும்படி வயது வந்தோருக்குச் சொல்கிறது.

"இந்த வயசில எதுக்கு?" என்போருக்கு இரண்டு ஆய்வுகள். 1990இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த 86 முதல் 96 வயது வரையான பத்துப் பேருக்கு எட்டுக் கிழமைகள் கால் தசைக்குப் பாரப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 வீதம் கூடியது. அடுத்தது அவுஸ்திரேலியாவில். எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்கள் இதில் பங்கெடுத்தார்கள். ஒரு பகுதியினர் எட்டு மாதங்கள், கிழமைக்கு இரண்டு நாள், அரை மணித்தியாலம், பயிற்றுநரின் கண்காணிப்பில் பாரம் தூக்கினார்கள். அவர்களின் முதுகெலும்பு அடர்த்தி கூடியது. வீட்டில் இலேசான பயிற்சி செய்தவர்களுக்குக் குறைந்தது.

"நாங்கதான் ஒவ்வொரு நாளும் பாரம் தூக்குறமே" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. தூக்குகிறோம். ஆனால் வேலைப் பாரம் எமது உடம்பின் நிலையைக் கேட்டு வருவதில்லை. குனிந்தபடி, அவசரத்தில், களைத்த பிறகும், ஒரே பக்கத்து இடுப்பில் தூக்குகிறோம். பயிற்சிப் பாரம் அளவாகத் தொடங்கி, ஓய்வு கொடுத்து, படிப்படியாகக் கூடுவது. வேலை மற்றவர்களுக்காக. இந்த அரை மணித்தியாலம் எமக்காக.

உடை பற்றிய கேள்வி

பாரம் தூக்குதல் போட்டியில் முழங்கையும் முழங்காலும் நேராகின்றனவா என்று நடுவர்கள் பார்க்க வேண்டும். அதனால் உடம்பை மறைக்கும் உடைக்கு முன்பு இடமிருக்கவில்லை. பாகிஸ்தானிய வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்கரான குல்சூம் அப்துல்லாஹ் என்ற பொறியியல் பட்டதாரிக்கு 2010இல் இதனால் வாய்ப்பு மறுக்கப்பட்டது. அவர் காரணங்களை எழுதி முன்வைத்தார். சர்வதேச பாரம் தூக்கும் சம்மேளனம் 2011இல் விதியை மாற்றி, மூட்டுகளின் அசைவு தெரியும்படியான முழு நீள இறுக்க உடையை அனுமதித்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் எகிப்தின் சாரா அஹ்மத் தலையை மறைத்தபடியே வெண்கலப் பதக்கம் வென்றார். எமக்கு அடுத்த கரையில், கேரளாவின் கோழிக்கோடு மாவட்டத்து மஜிஸியா பானு பல் வைத்தியம் படித்துக்கொண்டே ஹிஜாபோடு வலுத்தூக்கல் போட்டிகளில் வென்றவர். எமது நாட்டின் தினுஷா கோமஸ் 2018 பொதுநலவாய விளையாட்டில் 48 கிலோ பிரிவில் வெண்கலம் பெற்றார்.

நாம் பதக்கம் வாங்கப் போகவில்லை. ஆனால் உடையைச் சொல்லி எமது வாசலை ஒருவர் அடைத்தால், உலக மேடையிலேயே அந்த வாசல் திறந்துவிட்டது என்று சொல்ல இந்தப் பெயர்கள் உதவும். அபாயாவின் கீழே தளர்வான பருத்திக் காற்சட்டையும் நீளக் கைச் சட்டையும் போதும். தொங்கும் துணி இயந்திரத்தில் சிக்காமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

எப்படித் தொடங்குவது?

பெண்கள் போட்டிகளில் பயன்படுத்தும் வெறும் இரும்புத் தண்டின் நிறை 15 கிலோ. பத்து லீற்றர் வாளி இரண்டில் நிறையத் தண்ணீர் எடுத்தால் அதைவிடக் கூட. எனினும் முதல் நாளே தண்டைத் தொட வேண்டியதில்லை.

ஜிம்முக்குக் காசு இல்லாதவர்களும் போக விருப்பமில்லாதவர்களும் வீட்டில் தொடங்கலாம். கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்பி இருத்தல். சுவரில் கை வைத்துத் தள்ளுதல். ஒன்றரை லீற்றர்ப் போத்தலில் தண்ணீர் நிரப்பித் தோளுக்கு மேல் உயர்த்துதல். இரு கையிலும் ஒரே நிறையுள்ள பைகளைப் பிடித்து, முதுகு நிமிர்ந்து முற்றத்தில் நடத்தல். முதல் மூன்றையும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை, சிறிது ஓய்வெடுத்து இன்னொரு சுற்று. தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், அடக்க வேண்டாம். பன்னிரண்டு தடவை இலேசானால் நிறையைக் கொஞ்சம் கூட்டுங்கள். அடுத்த நாள் தசை உழைவது வழமை. மூட்டில் குத்தினாலோ, நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ நிறுத்துங்கள்.

உடம்பில் ஷெல் துண்டு இருப்பவர்கள், செயற்கைக் கால் அணிபவர்கள், சத்திர சிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள், பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டும். கேட்டால் பலருக்கும் ஏற்ற ஒரு வழி சொல்வார்கள்.

வீட்டில் "எதுக்கு?" என்று கேட்பார்கள். அழகுக்கு என்று நினைத்துச் சிரிப்பார்கள். "நாளைக்கு எனக்கு ஏலாமல் போனால் என்னை யார் தூக்குவது?" என்று திருப்பிக் கேளுங்கள். பெண் தலைமை தாங்கும் வீடுகளில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆளே இல்லை. அதனால்தான் இந்தப் பலம் எமக்கு ஆடம்பரம் அல்ல.

தனியாகப் போக வேண்டாம். மச்சியையோ பக்கத்து வீட்டு ராத்தாவையோ கூட்டிக் கொள்ளுங்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து போய்க் கேட்டால், காலையில் ஒரு மணித்தியாலம் பெண்களுக்கென ஒதுக்கித் தர உரிமையாளர்கள் யோசிப்பார்கள். அவர்களுக்கும் அது வியாபாரம்தானே. மதிலோடு இருந்துவிட்ட அந்தச் சகோதரி இப்போது வேறு மூவரோடு போகிறார். இரும்பு விழும் சத்தத்துக்கு இன்னும் திடுக்கிடுகிறார். திடுக்கிட்டபின் ஒரு மூச்சு விட்டு, தன் ஐந்து கிலோவைத் திரும்ப எடுக்கிறார்.

உங்கள் ஊரில் பெண்களுக்கான நேரம் உள்ள இடங்கள் இருந்தால், அல்லது நீங்களே ஒன்றைத் தொடங்கியிருந்தால் எமக்கு எழுதுங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம்.