நாலு எழுத்துக்கு எத்தனை வேஷம்!

ஆங்கிலத்தில் ஓ, யு, ஜி, எச் என்ற நாலு எழுத்துக்கள் சேர்ந்து வரும் வார்த்தைகள் பல உண்டு. எழுத்து ஒன்றுதான். வாயில் வரும் ஒலிதான் வேறு வேறு!

இந்த நாலுக்கும் முன்னால் டி, எச் போட்டால் 'தோ'. 'ஆனாலும்' என்று பொருள். நடுவில் ஓர் 'ஆர்' நுழைந்தால் 'த்ரூ', அதாவது, 'வழியாக'. டி, எச் இரண்டையும் தள்ளி ஆரை மட்டும் நிறுத்தினால் 'ரஃப்', கரடுமுரடு. ஆர் இருந்த இடத்தில் 'சி' வந்தால் 'காஃப்', இருமல். 'பி' வந்தால் 'பௌ', மரக்கிளை.

ஊர்ப் பெயரும் தப்பவில்லை. லண்டனுக்கு மேற்கே 'ஸ்லௌ' என்று ஓர் ஊர். பாம்பு சட்டை உரிப்பதைச் சொல்லும்போது அதே எழுத்துக்களை 'ஸ்லஃப்' என்று படிக்க வேண்டும். 'லஃப்பரோ' என்ற ஊரின் பெயரில் இந்த நாலும் இரண்டு தடவை வருகின்றன. முதல் தடவை 'ஃப்' கேட்கிறது. இரண்டாம் தடவை அது மாயமாகிவிடுகிறது!

பிள்ளை மக்கா?

இருமலை 'கௌ' என்று படிக்கிற பிள்ளையை மக்கு என்று திட்டலாமா? கூடாது. 'பௌ' என்ற வார்த்தையைப் பார்த்து அவன் ஊகித்திருக்கிறான். அது புத்தியுள்ளவன் செய்கிற காரியம். ஏமாற்றியது எழுத்து.

பழைய ஆங்கிலேயர் ஜி, எச் இரண்டையும் காறுவதுபோலத் தொண்டையிலிருந்து ஒலித்தார்கள். 1476-ல் காக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்தார். அச்சில் ஏறிய எழுத்து நாளடைவில் உறைந்துவிட்டது. நாக்கு சும்மா இருக்குமா? சில வார்த்தைகளில் அந்த ஒலி தேய்ந்து மறைந்தது. சிலவற்றில் 'ஃப்' ஆகிவிட்டது. குடியிருந்தவர் போன பிறகும் வாசலில் தொங்கும் பெயர்ப் பலகைதான் இந்த ஜி, எச்.

தமிழிலும் 'கல்', 'தங்கம்', 'அகல்' மூன்றிலும் 'க' ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. ஆனால் பக்கத்து எழுத்தே ஒலியைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் அந்தத் தயவு இல்லை. நூறு தடவை எழுதச் சொல்லும் வாத்தியார், ஒரே ஒலியுள்ள வார்த்தைகளைச் சேர்த்து, இந்தக் கதையையும் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைக்குப் பயம் தெளியும்.

ஜனாதிபதிக்கே தோல்வி

1906-ல் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் முந்நூறு வார்த்தைகளைச் சுருக்கி அச்சடிக்கும்படி சர்க்கார் அச்சாபீசுக்கு உத்தரவு போட்டார். 'தோ', 'த்ரூ' இரண்டும் அதில் உண்டு. பத்திரிகைகள் கேலி செய்தன. காங்கிரஸ் சபை எதிர்த்தது. அந்த வருஷமே உத்தரவு வாபசாயிற்று.

ஆனால் இன்று அமெரிக்கக் கடைவீதியைப் பாருங்கள்! காரில் இருந்தபடியே சாப்பாடு வாங்கும் 'டிரைவ்-த்ரூ' கடையின் பலகையில் மூன்று எழுத்தைக் காணோம். 'டோநட்' பலகாரக் கடையிலும் மூன்று போய்விட்டது. ஜனாதிபதியால் முடியாததைக் கடைக்காரர்கள் பெயிண்டால் சாதித்துவிட்டார்கள். பரீட்சையில் அப்படி எழுதினால் மட்டும் இன்னும் மார்க் கிடையாது!