பரிவட்டம் கட்டாத தர்மகர்த்தா

"அம்மா, என்னை ஒரு டிரஸ்டுல டிரஸ்டியா போட்டிருக்காங்க."

"டிரஸ்டின்னா என்னய்யா?"

"அறங்காவலர்மா. அந்தக் காலத்துல தர்மகர்த்தாம்பாங்கள்ல, அது."

போனில் இப்படி விளக்கம் சொன்னதுதான் நான் செய்த முதல் தப்பு. எங்கள் ஊர் தேவதானம். ராஜபாளையத்துக்குத் தெற்கே, சேத்தூரைத் தாண்டி. அங்கே தர்மகர்த்தா என்றால் ஒரே அர்த்தம்தான்: நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில். அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க செய்தி பரவிவிட்டது.

மறுநாள் காலை எனக்கு மூன்று போன். ஒருவர் திருவிழாவில் வளையல் கடை போட இடம் கேட்டார். ஒருவர் பேரனுக்குக் கோயிலில் ஏதாவது வேலை கேட்டார். மூன்றாமவர், "முதல் மரியாதை விஷயத்துல மட்டும் பார்த்து நடந்துக்கிடும் தம்பி" என்று எச்சரித்துவிட்டு வைத்தார்.

மூன்று பேருக்கும் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இது கோயில் இல்லை. வீட்டில் அடி வாங்கும் பெண்கள் வந்து தங்குவதற்கு ஓர் இடம் நடத்தும் சின்ன டிரஸ்ட். எந்த ஊர், எந்தத் தெரு என்று சொல்ல மாட்டேன். ஏன் சொல்ல மாட்டேன் என்பதுதான் இந்த வாரக் கதை.

என்னை மாட்டிவிட்டவர் ஓய்வு பெற்ற ஒரு தலைமை ஆசிரியை. "கணக்கு தெரிஞ்ச ஆள் வேணும். அதிகம் பேசாத ஆளா இருக்கணும்" என்றார். நான் அக்கவுண்ட்ஸ் செக்ஷன். முதல் தகுதி இருந்தது. இரண்டாவது இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

சம்பளம் கிடையாது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீட்டிங், ஒரு டீ, இரண்டு பிஸ்கட். நான் என்னவோ கதவை உதைத்துத் திறந்து, வில்லன் சட்டையைப் பிடிக்கிற வேலை என்று கற்பனை பண்ணிக்கொண்டு போனேன். முதல் மீட்டிங்கில் நாற்பது நிமிஷம் செப்டிக் டேங்க் பற்றிப் பேசினோம். பிறகு தண்ணீர் மோட்டார். பிறகு சமையல்கார அம்மாவின் லீவு, 80ஜி ரசீது, ஆடிட்டர் கேட்ட வவுச்சர்கள். சினிமாவில் ஹீரோ வருவதற்கு முன்னால் யாராவது மோட்டாரை ரிப்பேர் பண்ணியிருக்க வேண்டும் போலிருக்கிறது. அந்த ஆள்தான் டிரஸ்டி.

கணக்கைப் புரட்டினேன். 'செருப்பு' என்று தனியாக ஒரு தலைப்பு. மாதா மாதம் செலவு. ஆபீஸ் புத்தி சும்மா இருக்குமா? "இவ்வளவு செருப்பு எதுக்கு டீச்சர்? இதைக் கொஞ்சம் குறைக்கலாமே" என்றேன்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார்.

"வாசல்ல செருப்பு மாட்டினா, 'எங்கடி கிளம்பிட்டே'ன்னு கேள்வி வரும். குப்பை கொட்டப் போற மாதிரிதான் வெளியே வருவாங்க. வெறும் காலோட. அப்படியே பஸ் ஏறிடுவாங்க."

நான் அந்த வரியைக் குறைக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த வரியைப் பார்த்தும் "எதுக்கு" என்று அவசரப்பட்டுக் கேட்பதில்லை.

இந்த மாதிரி வீடு புதுசு இல்லை. லண்டனில் சிஸ்விக் பகுதியில் 1971ல் எரின் பிஸ்ஸி என்ற பெண்மணி திறந்த வீடு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. நம் சென்னையில் பி.சி.வி.சி. என்ற அமைப்பு 2001ல் தொடங்கி நடந்து வருகிறது. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்தோடு வருகிற பெண்களுக்குக்கூட துணை நிற்கிறார்கள். 'ஸ்டவ் வெடிச்சிருச்சு' என்று நாம் பேப்பரில் படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டினோமே, அந்தப் பெண்கள்.

'அதெல்லாம் எங்கேயோ நடக்குது சார்' என்கிறீர்களா? 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 38 பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கல்யாண ஆல்பத்தை எடுத்து, அதில் சிரிக்கிற பெண்களை எண்ணிப் பாருங்கள்.

இனி என் இரண்டாவது தப்பு.

ஒருநாள் லஞ்ச் டயத்தில் பழைய சிநேகிதன் ஒருவன் ஆபீஸ் வாசலில் நின்றான். (ஊர், தொழில், அடையாளம் எல்லாம் மாற்றியிருக்கிறேன். கையில் இருந்த பால்கோவா பொட்டலம்கூட வேறு பண்டம்தான்.) மனைவி வீட்டை விட்டுப் போய்விட்டாளாம்.

"மாப்ளே, நீ அந்த டிரஸ்டுல இருக்கியாமே? அட்ரஸ் மட்டும் சொல்லு. கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வந்துடுறேன்."

அழுதான். நிஜ அழுகை. சின்ன வயதில் ஒரே சைக்கிளில் போனவர்கள் நாங்கள். அவன் வீட்டில் நான் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன். ஒருமுறை அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் கட்டு இருந்தது. "சோறு வடிக்கையில கொட்டிடுச்சுண்ணே" என்றாள். சரி என்று ரசத்துக்குக் கையை நீட்டினேன். எங்கள் ராஜபாளையம் வட்டாரத்தில் சத்திரப்பட்டிப் பக்கம் நெய்கிற பேண்டேஜ் துணி ஊரெல்லாம் போகிறது. அந்த ஊர்க்காரனுக்கு 'கட்டு எதுக்கு' என்று இன்னொரு தரம் கேட்கத் தோன்றவில்லை.

அந்த வீட்டில் யார் தங்கியிருக்கிறார்கள் என்று டிரஸ்டிக்குத் தெரியாது. எங்களுக்கு வருகிற கணக்கில் பெயர் இருக்காது, எண்ணிக்கைதான் இருக்கும். வெளியே யார் கேட்டாலும் 'இருக்கிறாள்' என்றும் சொல்லக் கூடாது, 'இல்லை' என்றும் சொல்லக் கூடாது. 'இல்லை' என்று ஒருவரிடம் சொல்லிவிட்டால், அடுத்தவரிடம் சும்மா இருப்பதே 'ஆமாம்' ஆகிவிடும். இதெல்லாம் எனக்குச் சொல்லித்தரப்பட்ட பாடம்.

ஆனால் அவன் அழுதான். அவன் முதுகைத் தட்டி, "கவலைப்படாதேடா, பத்திரமா..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

மேலே சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அவன் அழுகை குழாயை மூடின மாதிரி நின்றது.

"அப்போ அங்கதான் இருக்கா."

அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அவன் மனைவி தினமும் கேட்டிருப்பாள்.

எங்கள் ஊர் சுவாமிக்கு அந்தப் பெயர் வந்ததற்குத் தல புராணத்தில் ஒரு காரணம் உண்டு. பகை அரசன் விஷம் தடவிய ஆடையைப் பரிசு என்று அனுப்ப, அதிலிருந்து பாண்டியனைக் காப்பாற்றியவர் அவர். கண்ணீரும் பரிசு மாதிரி வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

உடனே டீச்சருக்கு போன் பண்ணிச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "சொன்னீங்களே, அது நல்லது" என்றார். இரண்டு நாள் அந்த வீட்டிலிருந்து யாரும் வெளியே போகவில்லை. ராத்திரிக்கு இன்னொரு காவலாள் போட்டார்கள். அடுத்த மீட்டிங்கில் நடந்ததை மினிட்ஸ் புத்தகத்தில் என் கையாலேயே எழுதச் சொன்னார்கள். எழுதினேன். கூடவே ஒரு வரி இருந்தது: 'பிள்ளைகள் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை.' எந்தப் பிள்ளைகள் என்று எனக்குத் தெரியாது. சிநேகிதனின் மனைவி அங்கே இருந்தாளா என்பதும் இன்று வரை தெரியாது. தெரியாமல் இருப்பதும் என் வேலையில் சேர்த்தி.

இப்போது உங்களுக்கு, குறிப்பாக என்னைப் போல ஆபீஸ் போகிற தம்பிகளுக்கு. நண்பன் வீட்டில் சத்தம் கேட்டால் நாம் செய்வது இரண்டே காரியம். ஒன்று, 'அடுத்தவன் குடும்ப விஷயம்' என்று டி.வி. சத்தத்தைக் கூட்டுவது. இரண்டு, 'சமாதானம்' பண்ணி அவளைத் திரும்ப அதே வீட்டுக்குள் அனுப்புவது. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005ல் வந்தது, 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கிறது. அடி மட்டுமல்ல, வாயால் கேவலப்படுத்துவதும், செலவுக்குக் காசு தராமல் முடக்குவதும் அதில் வன்முறைதான். வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் குடியிருக்க மனைவிக்கு உரிமை உண்டு. பாதுகாப்பு அலுவலரிடம் யார் வேண்டுமானாலும் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கென்றே எழுதின மாதிரி! 181 என்ற நம்பரை எந்த நேரத்திலும் கூப்பிடலாம்.

போன மாதம் ஊருக்குப் போனேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். தேவதானம் என்றாலே கோயிலுக்கு விட்ட நிலம் என்றுதான் அர்த்தம். தர்மகர்த்தா அதைப் பார்த்துக்கொள்ளலாம், ஒரு சென்ட்கூட எடுத்து யாருக்கும் கொடுக்க முடியாது. என் கையில் இருப்பது ஒரு விலாசம், அவ்வளவுதான் என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்போ பரிவட்டம் கிடையாது?"

"கிடையாதும்மா."

உள்ளே போய் அஞ்சறைப் பெட்டியிலிருந்து இருநூறு ரூபாய் கொண்டு வந்தாள். "செருப்புக்குன்னு எழுதிக்கோ" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "அந்த நம்பர் என்ன சொன்னே? மேலத் தெருவுல ஒரு புள்ளைக்குச் சொல்லணும்" என்றாள்.

யார் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. கொஞ்சம் தேறியிருக்கிறேன்.

காசு வாங்கினால் ரசீது கொடுத்தாக வேண்டும். 80ஜி ரசீது எழுதிக் கொடுத்தேன். வாழ்நாளில் வருமான வரியே கட்டாத அம்மா, அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.