மாட்டு வாலுக்கு வந்த வாழ்வு

இறைச்சிக் கடைக்காரர்கள் ஒரு காலத்தில் எலும்போடு எலும்பாகக் கழித்து விற்ற மாட்டு வாலுக்கு இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் நியூயோர்க்கிலும் நல்ல சதைப்பற்றுள்ள துண்டுகளை விடக் கூடிய விலை கேட்கப்படுகிறது. ஒரு மாட்டுக்கு ஒரே வால்தானே! நாகரிக உணவகங்கள் அதைக் 'கண்டுபிடித்த' பின்னர் விலை எகிறாமல் என்ன செய்யும்? தங்கள் வீட்டுச் சட்டியிலிருந்து வால் பறிபோகிறது என்று புலம்பெயர்ந்த ஜமெய்க்கர்கள் முறையிடுவதில் முழு நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

1655 இல் ஸ்பானியரிடமிருந்து ஜமெய்க்காவைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், கரும்புத் தோட்டங்களுக்கென ஆபிரிக்கரைப் பெருந்தொகையாக அடிமைகளாக்கிக் கொண்டுவந்தனர். முழு விடுதலை 1838 இல்தான் கிடைத்தது. உப்பிட்ட மீனும், தாமே பயிரிட்ட கிழங்குகளும் அம்மக்களின் அன்றாட உணவு. இறைச்சியென்று கிடைத்தால் அது துரைமாரின் மேசைக்குப் போகாத பகுதியாகவே இருக்கும். துரை, தோட்டம், லயம் என்ற சொற்களின் பொருளை அனுபவித்தறிந்த நம்மவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1845 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் அங்கு போனார்கள். பெரும்பாலானோர் வட இந்தியர். ஜமெய்க்காவின் புகழ்பெற்ற ஆட்டுக்கறி அவர்கள் கொண்டுபோன மசாலாவின் வாரிசு. 1854 முதல் சீனரும் வந்தனர். இன்று வாலை ஊறவைக்கும்போது சோயா சோஸ் ஊற்றப்படுவதைப் பார்க்கையில் எனக்கு அவர்கள் நினைவே வரும்.

சமையல் முறை எளிது, பொறுமைதான் அரிது. கணுக் கணுவாக வெட்டிய வாலில் உப்பு, உள்ளி, இஞ்சி, வெங்காயத்தாள், தைம் இலை, ஓல்ஸ்பைஸ் ஆகியவற்றைப் பிரட்டி ஓர் இரவு ஊறவிட வேண்டும். மிளகு போலிருக்கும் இந்த ஓல்ஸ்பைஸை அவர்கள் 'பிமென்ரோ' என்பர். மிளகென்று மயங்கி ஸ்பானியர் இட்ட பெயரின் எச்சம் அது. பின்னர் சட்டியில் சிறிது எண்ணெய் விட்டு, சிவப்புச் சீனியைக் கருஞ்சிவப்பாக உருக்கி, துண்டுகளை அதில் போட்டு நிறமேறப் பிரட்டுவார்கள். சீனி கரிந்துவிட்டால் குழம்பு கசக்கும். அந்த நொடியில் அடுப்பை விட்டு நகரக் கூடாது. மூழ்கத் தண்ணீர் விட்டு, ஸ்கொட்ச் பொனற் மிளகாய் ஒன்றை முழுதாக மேலே மிதக்கவிட வேண்டும். அது வெடிக்காதவரை வாசனை தரும். வெடித்தால் சாப்பிடுபவர் பாடு.

சிறு தீயில் மூன்று மணி நேரமாவது வேண்டும். எலும்பைச் சுற்றிய சவ்வும் தசைநாரும் மெல்லக் கரைந்து குழம்பை உதட்டில் ஒட்டும் பசையாக்குவது அந்த நேரத்தில்தான். பிரஷர் குக்கரில் ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கலாம் என்பார்கள். முடியும். ஆனால் மூடியைத் திறந்து வைத்துக் குழம்பை வற்றவிடாமல் இறக்கினால் அது சூப்பாகத்தான் இருக்கும். கடைசியில் வெந்த பட்டர் பீன்ஸும், கோதுமை மாவை விரல் நீளத்துக்கு உருட்டிய 'ஸ்பின்னர்ஸ்' உருண்டைகளும் சேரும். துணைக்கு, தேங்காய்ப் பாலில் சிவப்பு அவரையோ துவரையோ சேர்த்து அவித்த சோறு.

இவ்வளவு விலை கொடுத்து வால்தான் வாங்க வேண்டுமா? வேண்டாம் என்பேன். அந்தக் கைப்பக்குவம் எவரும் விரும்பாத இறைச்சித் துண்டுக்காகவே பிறந்தது. இன்று அந்த இடத்தில் கழுத்தெலும்பும் கால் தண்டும் இருக்கின்றன. அவற்றிலும் சவ்வுக்குக் குறைவில்லை. மாட்டிறைச்சி விலக்கிய வாசகர்கள் ஆட்டுக் கழுத்தில் செய்யலாம், நேரம் சற்றுக் குறையும். எதில் செய்தாலும் ஒரு பங்கை மறுநாளைக்கு ஒதுக்கி வையுங்கள். குளிரில் உறைந்த கொழுப்பை மேலிருந்து வழித்தெடுத்துவிட்டுச் சூடாக்கினால், முதல் நாளை விட நன்றாக இருக்கும்.