5 கிராம் சாட்சி

நாகாலாந்தின் வோக்கா மாவட்டத்தில், டோயாங் நீர்த்தேக்கத்தை ஒட்டிய பாங்தி கிராமத்துக்கு அக்டோபர் பிறந்தால் விருந்தாளிகள் வருகிறார்கள். மாடப்புறாவைவிடச் சிறிய அமுர் வல்லூறுகள். சைபீரியா, மங்கோலியா, வடசீனா பகுதிகளில் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும் வழியில் லட்சக்கணக்கில் இங்கே இறங்குகின்றன. சில வாரங்கள் ஈசலைத் தின்று கொழுத்தபின் கிளம்புகின்றன.

2012ல் அவற்றுக்குக் கிடைத்தது வேறு வரவேற்பு. மரங்களுக்கு இடையே மீன்வலைகள் கட்டப்பட்டன. அந்த ஒரு பருவத்தில் மட்டும் 1 லட்சத்துக்கு மேற்பட்ட பறவைகள் கொல்லப்பட்டதாக மதிப்பீடு. படங்கள் வெளியானதும் உலகமே கண்டித்தது. கிராமத்தாரிடமும் ஒரு நியாயம் இருந்தது. 2000ல் செயல்படத் தொடங்கிய அணைக்காக விளைநிலத்தை நீரில் இழந்தவர்கள் அவர்கள். மீன்பிடிக்கப் பழகிய கைகளுக்கு வல்லூறு, வானம் கொடுத்த வரும்படி.

அந்த வரும்படியைத்தான் மறு ஆண்டே கைவிட்டார்கள். கிராம சபைகளும் தேவாலயங்களும் வனத்துறையும் தன்னார்வலர்களும் சேர்ந்து பேச, 2013ல் வலைகள் இறங்கின. அந்த நவம்பரில் இந்திய வனஉயிரின நிறுவனமும் ஹங்கேரி விஞ்ஞானிகளும் மூன்று பறவைகளின் முதுகில் சூரிய ஒளியில் இயங்கும் டிரான்ஸ்மிட்டர்களைக் கட்டிப் பறக்கவிட்டார்கள். ஒவ்வொன்றின் எடையும் 5 கிராம். பறவைகளுக்கு வைத்த பெயர்கள் நாகா, வோக்கா, பாங்தி.

செயற்கைக்கோள் வழியே வந்த தகவல்கள் அசர வைத்தன. தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, அரபிக்கடல் மேல் இளைப்பாற இடமின்றிப் பறந்து, சோமாலியக் கரையைத் தொட்டது பயணம். ஆறு நாளுக்குள் சுமார் 5,600 கி.மீ. அதே பருவத்தில் தும்பிகளும் அந்தக் கடலைக் கடக்கின்றன. வழியில் அவையே வல்லூறுகளின் உணவு என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

விஞ்ஞானத்துக்குக் கிடைத்தது வழித்தடம். கிராமத்துக்குக் கிடைத்தது உறவு. தன் ஊர்ப் பெயரோடு கடல் தாண்டிய பறவை, இனி யாருக்கும் வெறும் இறைச்சி அல்ல. ஒரே நீர்த்தேக்கத்தின் கரையில் விரித்த வலை இரண்டு கண்டங்களின் வானத்தைக் காலியாக்கும் என்பதும் வரைபடத்தில் புரிந்தது.

ஆனால் பெயர் மட்டுமே கவசம் ஆகிவிடாது. 2018 நவம்பரில் பக்கத்து மாநிலத்தின் தாமெங்லாங் மாவட்டத்தில் டிரான்ஸ்மிட்டர் பொருத்தப்பட்ட ஒரு வல்லூறுக்கு 'மணிப்பூர்' என்று பெயரிட்டார்கள். சில நாட்களிலேயே அது வேட்டைக்குப் பலியானது. கருவியால் பறவை போகும் இடத்தைச் சொல்ல முடியும். துப்பாக்கியைத் தடுக்க முடியாது. அதைத் தடுக்க மனிதர்தான் வேண்டும், அதுவும் வருமானத்தை விட்டுக்கொடுக்கத் துணிந்த மனிதர். பறவையைப் பார்க்க வரும் பயணிகளின் பணம் அந்த நஷ்டத்தை எத்தனை வீடுகளில் ஈடுகட்டுகிறது என்பதையும் யாராவது பின்தொடர்ந்து பார்க்கலாம். அதற்குச் செயற்கைக்கோள் தேவையில்லை.