அறியாதவரின் இசைவு
ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான மௌவியின் மேற்கு நோக்கிய கடற்கரைகளில், ஒருவர் தம் இணையிடம் முன்னறிவிப்பின்றி மண்டியிட்டுத் திருமணச் சம்மதம் கேட்கும் தருணத்தைப் படமெடுப்பது தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளது. வெப்பமண்டலத்தில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக அடிவானத்தில் இறங்குவதால் அந்தி ஒளி விரைவில் மங்கிவிடுகிறது. ஆகவே நிற்கும் இடமும் திரும்பும் திசையும் முன்பே பேசி முடிவுசெய்யப்பட, படக்கலைஞர் சுற்றுலாப் பயணிபோல் விலகி நின்று, தொலைவிலுள்ளதை அருகில் காட்டும் 70-200 மி.மீ. ஜூம் லென்ஸால் இருவரின் முகங்களையும் பதிவுசெய்கிறார். இக்கலையில் திறமையைவிட அடக்கமே முதன்மையானது. கேட்பவர் படத்துக்கு உடன்பட்டவர், கேட்கப்படுபவரோ கேமரா இருப்பதையே அறியாதவர் என்பதால், அவருடைய பதில் எதுவாயினும், அவர் பார்த்து இசைவளிக்கும் முன் ஒரு படத்தைக்கூட விளம்பரத்துக்கோ சமூக ஊடகத்துக்கோ பயன்படுத்துவது முறையன்று. அவர் இசைவளிக்க மறுத்தால் படங்கள் அழிக்கப்பட வேண்டும்.